கை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம்

அத்தியாயம் 17

பத்தடிக்கு எட்டடி பேனரில் எல்லாரும் இருந்தார்கள்.

நடுவில் மணப்பெண் கலைப்பிரியா. பக்கத்தில் மாப்பிள்ளை வெற்றிச்செல்வன். அவர்களுக்கு மேலே தாய்மாமன் ராஜாங்கம், ஜல்லிக்கட்டுக் காளைபோல மார்பை நிமிர்த்திக்கொண்டு. கீழே இரண்டு வரிசையாக அறுபத்தி நாலு உறவினர்கள். அதில் பிறந்து பதினொரு நாளே ஆன ஒரு குழந்தையும், இறந்து ஒன்பது வருஷமான ஒரு பெரியம்மாவும் அடக்கம்.

பெண்ணைப் பெற்ற சுப்பராயலுவின் இடத்தில் மட்டும் ஒரு குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"போட்டோ இல்லாதவங்களுக்கு விளக்கு போட்டுடுவோம்," என்றார் திண்டிவனம் பிளெக்ஸ் கடை சகாயராஜ், கம்ப்யூட்டர் திரையைக் காட்டி. "பாக்க மங்களகரமா இருக்கும்."

"எங்கப்பா விளக்கு இல்லண்ணே," என்றாள் கலைப்பிரியாவின் தங்கை தமிழ்ச்செல்வி.

சுப்பராயலு இறந்து நாலு வருஷம். அதற்கப்புறம் வந்த அந்தப் பெரிய புயலில் மயிலத்தைச் சுற்றிய ஊர்களில் வெள்ளம் புகுந்தபோது, அவர் மனைவி தனத்தின் வீட்டில் ஜன்னல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. ஒரு கெளுத்தி மீன் இரண்டு நாள் அலமாரியில் குடியிருந்துவிட்டு, தண்ணீர் வடிந்ததும் வாசல் வழியாக முறைப்படி வெளியேறியது. போகும்போது சுவரில் மாட்டியிருந்த சுப்பராயலுவின் படத்தையும் மூன்று ஆல்பங்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

ஊரார் வீட்டுக் கல்யாண வீடியோக்களைத் தேடிப் பார்த்தார்கள். இருபத்தேழு கல்யாணத்தில் சுப்பராயலு இருந்தார். இருபத்தேழிலும் பந்தியில் சாம்பார் வாளியோடு குனிந்த முதுகாகத்தான் இருந்தார்.

எட்டு வருஷத்துக்கு முன் கலைப்பிரியாவின் மஞ்சள் நீராட்டுக்கு அடித்த பேனரில் அவர் முகம் நாலடிக்கு இருந்தது உண்மை. அதை அடித்த கடை இப்போது பிரியாணிக் கடை. படம் எடுத்தவர் இப்போது துபாயில். பேனரோ விழா நடந்த அன்றைக்கே காணாமல் போயிற்று.

மிஞ்சியது ஆதார் அட்டை. அதில் அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

சகாயராஜ் அந்தத் தபால்தலைப் படத்தை ஏதோ செயலியில் போட்டு, கண்ணைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். திறந்தது. திறந்தவர் வேறு யாரோ. பிரஷர் குக்கர் விற்க வந்தவர்போல முப்பத்திரண்டு பல்லையும் காட்டினார். சுப்பராயலு பல் தெரியச் சிரித்ததைத் தனமே பார்த்ததில்லை.

"நான் வரையறேன்," என்றாள் தமிழ்ச்செல்வி.

"தாள்ல வரைஞ்சு போட்டோ எடுத்தா ஆவாதும்மா. இவ்ளோ பெருசா இழுத்தா கரி அப்பினாப்ல இருக்கும். கம்ப்யூட்டர் படமா குடு. நாளைக்குக் காலைல பத்து மணி. அதுக்கு மேல ஒரு கட்சிக்காரரு பொறந்தநாளு. ஞாயித்துக்கெழம வரைக்கும் மெஷின் மூச்சு விடாது."

ஞாயிற்றுக்கிழமைதான் கல்யாணம்.

கூட வந்திருந்த ராஜாங்கத்தோடு கடைக்கு வெளியே வந்ததும் தமிழ்ச்செல்வி தன் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மயிலம் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிற பெண். போனில் விரலால் தேய்த்தே மயில், யானை, மாரியம்மன் எல்லாம் வரைந்துவிடுவாள். ஆனால் மனுஷ முகம் விரலுக்கு அடங்கவில்லை. கண்ணிமை போட்டால் அது புருவத்தையும் சேர்த்து மூடுகிறது.

"பேனா வெச்சு வரையற டிராயிங் டேப்லெட் ஒண்ணு இருந்தா வரைஞ்சுடுவேன் மாமா. கடல மண்டிக்கு மல்லாட்ட உடைச்ச காசு மூவாயிரம் வெச்சிருக்கேன். அதுக்குள்ள எதாவது கெடைக்குமான்னு தெரியல."

"வா, விழுப்புரம் போயி வாங்கிடலாம். ஜல்தி," என்றார் ராஜாங்கம்.

தமிழ்ச்செல்வி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மாமா ஒரே துண்டைப் பதினாறு வருஷமாகத் தோளில் போடுகிறவர். அது கிழிந்தால், கிழிந்த இடத்தை வெட்டிவிட்டு மிச்சத்தைப் போடுகிறவர். அப்படிப்பட்டவர் கடைக்குப் போக அவசரப்படுகிறார் என்றால் காரணம் இருக்க வேண்டும்.

காரணம் இருந்தது. எட்டு வருஷமாக அது ராஜாங்கத்தின் ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகப் படுத்திருந்தது.

விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ராஜாங்கம் அதையேதான் நினைத்துக்கொண்டு போனார்.

அந்த மஞ்சள் நீராட்டு பேனரில் எல்லார் முகமும் இருந்தது. தாய்மாமன் முகம் இல்லை. இந்தப் பக்கத்தில் பேனரில் முகம் விடுபடுவது, பந்தியில் இலையைப் போட்டுவிட்டு எடுப்பதற்குச் சமம். சுப்பராயலு மறந்துவிட்டார், அவ்வளவுதான். வேண்டுமென்று எதையும் செய்யத் தெரிந்த ஆள் இல்லை அவர். அது ராஜாங்கத்துக்கு இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை.

ஊரே பந்தியில் உட்கார்ந்திருந்த நேரமாகப் பார்த்து பேனரை அவிழ்த்தார். சுருட்டி, தழைக் கட்டுக்குள் வைத்து வண்டியில் கொண்டு போனார். முகங்கள் கீழே பார்க்கும்படி கொட்டகை மேல் விரித்துக் கட்டினார். ஊரில் பாதிக் கொட்டகைகளுக்குப் பழைய பேனர்தான் கூரை. யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஆடுகள் மட்டும் பார்த்தன.

பேனர் எங்கே என்று தேடினபோது ராஜாங்கம் கதை சொன்னார். காற்று தூக்கிக்கொண்டு போனதாம். மயிலம் மலையைத் தாண்டி மரக்காணம் உப்பளத்தில் இறங்கியதாம். கடலுக்குப் போகிறவர்கள் எடுத்துப் பாயாகக் கட்டிக்கொண்டார்களாம். சுப்பராயலு முகத்தைப் பார்த்துச் சுறாவே வழி விட்டதாம். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சுப்பராயலுவும் பல் தெரியாமல் சிரித்துவிட்டு, "காத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது தென்னரசு வேல," என்றார்.

தென்னரசு சுப்பராயலுவுக்குச் சித்தப்பா மகன். வரப்புத் தகராறில் இருந்த பங்காளி. ராஜாங்கம் அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். பாயசத்தைக் குடித்துக்கொண்டிருந்தார்.

அந்த இரண்டு வீட்டுக்கும் அன்று நின்ற பேச்சு அப்புறம் தொடங்கவே இல்லை. சுப்பராயலு இறந்தபோது, ஆண்பிள்ளை இல்லாத அந்த வீட்டுக்குக் கொள்ளி வைக்க வேண்டிய தென்னரசு, வேலிக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டுப் போனான். வேறு யாரோ வைத்தார்கள். அறுபத்தி நாலு முகத்தில் இப்போதும் அவன் முகம் இல்லை.

ஆக, ஏதோ ஒரு பலகையில் சுப்பராயலு வந்துவிட்டால் எல்லாருக்கும் நல்லது. முக்கியமாக ராஜாங்கத்துக்கு.

விழுப்புரத்தில் நேருஜி ரோட்டைத் தாண்டி ஒரு சந்தில், மாடியில் இருந்தது கம்ப்யூட்டர் சாமான் கடை. கடைக்காரர் நெடுஞ்செழியன் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார்.

ராஜாங்கம் ஆடு வாங்கி விற்கிறவர். அவர் பார்த்து வாங்கிய கிடா ஒன்று தீவனூர்ப் பக்கம் தொலைந்து, மூன்று மாதம் கழித்துத் தானாகவே பஸ் ஏறி வீடு வந்து சேர்ந்தது. நம்பாதவர்கள் அந்தக் கண்டக்டரைக் கேட்கலாம். அவர் இப்போது உயிரோடு இல்லை.

ராஜாங்கம் மூன்று பெட்டியையும் கையில் தூக்கி எடை பார்த்தார். விலாவை அழுத்தினார். பல்லைப் பார்க்க வழியில்லாததால் ஒயர் மாட்டுகிற ஓட்டைக்குள் பார்த்தார்.

"இது ஸ்கிரீன் வெச்சது," என்றார் நெடுஞ்செழியன். "நீங்க வரையற எடத்துலயே படம் தெரியும். இருபதாயிரத்துச் சொச்சம்."

"அதுக்கு ரெண்டு கிடா வரும்."

"அது வேணாம் மாமா," என்றாள் தமிழ்ச்செல்வி. "அதுக்கு லேப்டாப் வேற வேணும். அண்ணே, ஸ்கிரீன் இல்லாதது காட்டுங்க. போன்ல வேல செய்யணும். பேனாவுக்கு பேட்டரி போடாததா இருக்கணும். அழுத்தினா கோடு தடிமனாவணும், லேசா தொட்டா மெலிசா வரணும். கூட நாலு முனையாவது வேணும், தேஞ்சா மாத்திக்க."

ராஜாங்கம் அவளைத் திரும்பிப் பார்த்தார். சந்தையில் இப்படிக் கேட்கிறவனைத்தான் ஏமாற்ற முடியாது.

நெடுஞ்செழியன் இரண்டு கறுப்புப் பலகைகளைப் போட்டார். ஒன்று உள்ளங்கை அளவு. இன்னொன்று நோட்டுப் புத்தக அளவு.

"இதுல படம் எங்க தெரியும்?" என்றார் ராஜாங்கம்.

"இதுல தெரியாதுங்க. இங்க வரைவீங்க, போன்ல தெரியும். கை இங்க இருக்கும், கண்ணு அங்க இருக்கும்."

"எங்க மச்சான் அப்படித்தான் ஏர் ஓட்டுவாரு. சாலு நேரா வந்ததே இல்ல."

"பழக்கந்தாங்க. ரெண்டு வாரத்துல கை புடிச்சுக்கும்."

"எங்களுக்கு ரெண்டு வாரம் இல்லீங்க. நாளைக்குக் காலைல பத்து மணி."

நெடுஞ்செழியன் ஜுரக்காரனைப் பார்க்கிற டாக்டர்போல இருவரையும் பார்த்தார்.

சின்னது மூவாயிரத்துக்குள் வந்தது. தமிழ்ச்செல்வி அதை எடுத்தாள். "போன்ல மாட்டினா பெருசுலயும் ஓரத்துல கொஞ்ச எடம்தான் மாமா வேல செய்யும். இதுவே போதும்."

"இன்னா போதும்? சின்ன எடத்துல சின்ன மூஞ்சிதான் வரும். உங்கப்பனுக்கு எவ்ளோ பெரிய மூஞ்சி! பெருசையே எடு. மேல ஆவறத நான் போடறேன்."

சொல்லிவிட்டு, தோள் துண்டை வலது கையின் மேல் போர்த்தி, நெடுஞ்செழியன் பக்கம் நீட்டினார். மாட்டுச் சந்தை, ஆட்டுச் சந்தையில் பேரம் இப்படித்தான். துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசிக்கொள்வார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது.

நெடுஞ்செழியன் துண்டைப் பார்த்தார். உள்ளே போனார். பஞ்சும் பிளாஸ்திரியும் எடுத்து வந்தார். "எங்க அடி பட்டுச்சு பெரியவரே?"

தமிழ்ச்செல்வி அன்றைக்குச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பெரிய பலகையோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி இரண்டு. தனம் புதுப் பெட்டிக்குச் சூடம் காட்டி, பலகையின் நாலு மூலையிலும் சந்தனம் குங்குமம் வைத்தாள். ஒரு பொட்டைத் துடைத்துவிட்டுத்தான் ஒயரை மாட்ட முடிந்தது.

தமிழ்ச்செல்வி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். மடியில் பலகை. எதிரே செம்பில் சாய்த்து வைத்த போன். பக்கத்தில் கண் மூடிய ஆதார் அட்டை.

முதல் கோடு போட்டாள். அது எங்கேயோ போயிற்று.

"காதுல வெச்சா கழுத்துல விழுது மாமா."

"அடுத்தது காதுல விழும். போடு."

மூன்று மணிக்கு ஒரு முட்டை வந்தது. மூன்றரைக்கு முட்டைக்கு மீசை வந்தது. கையில் மருதாணியோடு கலைப்பிரியா எட்டிப் பார்த்தாள்.

"அப்பா மீச இவ்ளோ அடர்த்தி இல்லடி. அப்புறம் எடது பக்கம் ஒரு மச்சம்."

"வலது பக்கம்."

"எடது பக்கம். நான் எத்தினி தடவ புடிச்சு இழுத்திருக்கேன்?"

"அம்மா, நீ சொல்லு. எந்தப் பக்கம்?"

தனம் முறத்தைக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்துக்கொண்டாள்.

"மூக்காவது சொல்லும்மா. கூரா, சப்பையா?"

"மூக்கு... மூக்கு மாதிரிதாண்டி இருக்கும்." தனம் முந்தானையை இழுத்துக்கொண்டாள். "இருபது வருஷம் குடும்பம் பண்ணேன். மூஞ்சியையா பாத்துக்கினு இருந்தேன்? வந்தா சோத்த பாத்தேன். போனா கொல்லைய பாத்தேன்."

அதற்கு மேல் யாரும் மச்சத்தைப் பற்றிப் பேசவில்லை.

ராஜாங்கம்தான் விடவில்லை. எதிரே குந்திக்கொண்டு, தன் முகத்தைத் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொடுத்தார். "நெத்தி இப்படி இருக்கும் பாப்பா, இங்க ஏறும். கன்னம் இங்க உள்ள போவும். தாடை, இத பாரு, இப்படி." அவரைப் பார்ப்பதும் போனைப் பார்ப்பதுமாக அவள் வரைந்தாள். தப்பான கோட்டை அழிப்பாள். அழித்த இடத்திலேயே மறுபடி போடுவாள். பேனா முனை ஒன்று தேய்ந்து போனது என்று ராஜாங்கம் ஊரில் பிற்பாடு சொன்னார். அது நடந்திருக்க முடியாது. ஆனால் அவள் விரல் காய்த்தது நிஜம்.

ஐந்து மணிக்கு ஒரு முகம் வந்துவிட்டது. முட்டை இல்லை, முகம். நெற்றியில் விபூதி, ஏறின நெற்றி, ஒட்டின கன்னம், நேரான பார்வை.

தமிழ்ச்செல்வி போனைத் தூக்கி அம்மாவிடம் காட்டினாள்.

தனம் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குது பாப்பா," என்றாள். "ஆனா இது எங்கண்ணன்."

ராஜாங்கம் எட்டிப் பார்த்தார். ராஜாங்கம்தான். எட்டு வருஷத்துக்கு முன் பேனரில் ஓரிடத்தில்கூட இல்லாத முகம், இப்போது இரண்டு இடத்தில் வரப் பார்த்தது. அதில் ஒன்று, கொள்ளிக்குக்கூட உரிய ஆள் இல்லாமல் போன மனிதரின் இடம்.

கலைப்பிரியா திரும்பிக்கொண்டு உள்ளே போனாள். மருதாணிக் கையால் கண்ணைத் துடைக்கவும் முடியாது.

போன் அடித்தது. சகாயராஜ். "படமா, விளக்காம்மா? சொல்லிட்டீங்கன்னா ரெடி பண்ணி வெச்சுக்குவேன்."

தனம் போனை வாங்கினாள். "காலைல சொல்றோம் தம்பி." வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னாள். "விளக்கே இருக்கட்டும். யாருக்கும் நெனவில்லாத மூஞ்சிய ஊருக்குக் காட்டி இன்னா ஆவப்போவுது?"

"ஆட்டுக்குத் தழ போட்டுட்டு வரேன்," என்று ராஜாங்கம் எழுந்தார். இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. இரண்டு தெருவும் அன்றைக்குச் செஞ்சி வரைக்கும் நீண்டன.

கொட்டகையில் இன்னும் வெளிச்சம் இருந்தது. எட்டு வருஷமாக அவர் அதற்குள் குனிந்தே போய்க் குனிந்தே வந்தார். ஊரில் எல்லாரும் முதுகுவலி என்று நினைத்தார்கள். இன்றைக்குத் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் ஏறி, நிமிர்ந்து பார்த்தார்.

மேல்வெயில் கூரையை ஊடுருவி வந்தது. கலைப்பிரியா இருந்த இடத்தில் ஒரு மாலை மட்டும் தொங்கியது. கீழ் வரிசை உறவினர்கள் எல்லாரும் ஒரே நீலமாகக் கரைந்திருந்தார்கள். மூலையில் சுப்பராயலு. நெற்றி இருந்தது. விபூதி இருந்தது. இரண்டு கண்ணும் திறந்திருந்தன. மூக்கு பாதி இருந்தது. அதற்குக் கீழே எத்தனையோ மழை ஒழுகி, சாயம் தோலோடு உரிந்து, வெறும் வெள்ளை.

மச்சம் எந்தப் பக்கம் என்று இனி யாருக்கும் தெரியாது. போன வருஷம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கலாம்.

"மாமா."

பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு தமிழ்ச்செல்வி படல் கதவுக்கு வெளியே நின்றாள்.

"எதுக்கு வந்த?"

"உங்க மூஞ்சிய இன்னொரு வாட்டி பாக்கணும் மாமா. படத்துல உங்களுது எதெதுன்னு பாத்து அத மட்டும் அழிச்சுட்டா, மிச்சம் அப்பாவா இருக்கும்ல? எதுக்கு தொட்டி மேல நிக்கறீங்க?"

ராஜாங்கம் கூரையை மறைத்துக்கொண்டு நிற்கப் பார்த்தார். ஐந்தடி மூன்றங்குல மனிதர் பத்தடி பேனரை மறைக்க முடியாது. தொட்டியிலிருந்து இறங்கினார்.

"உள்ள வா பாப்பா. தல இடிக்கும், பாத்து வா."

அவள் உள்ளே வந்து, அவர் பார்த்த இடத்தைப் பார்த்தாள்.

தீவனச் சாக்கின் மேல் உட்கார்ந்து, போனைக் கம்பத்து இடுக்கில் செருகி, பலகையை மடியில் வைத்தாள். பழைய படத்தை முழுதாக அழித்தாள்.

"போட்டோ எடுத்துக்க பாப்பா. எதுக்கு வரைஞ்சுக்கினு?"

"பாதி மூஞ்சிய போட்டோ எடுத்து இன்னா பண்றது? வரைஞ்சாத்தான் கீழ வரும்."

கண் கூரையில் இருந்தது. கை மடியில் இருந்தது. மத்தியானம் முழுக்கத் தடுமாறின கோடு இப்போது தடுமாறவில்லை. புருவம் புருவத்தில் விழுந்தது. இமை இமையில் விழுந்தது. அவள் கையைப் பார்க்கவே இல்லை. போனையும் பார்க்கவில்லை.

பாதி மூக்கில் பேனா நின்றது.

"மாமா."

"ம்."

"இத தென்னரசு சித்தப்பாதான எடுத்துக்கினு போனாரு? அப்பா சாவற வரைக்கும் அப்படித்தான சொல்லிக்கினு இருந்தாரு?"

கேட்டபோதும் அவள் கண் கூரையை விட்டு இறங்கவில்லை.

"காத்து..." என்று ராஜாங்கம் ஆரம்பித்தார்.

அதற்கு மேல் வரவில்லை. மலையைத் தாண்டுகிற காற்று, உப்பளம், சுறா எதுவும் உதவிக்கு வரவில்லை. கூரையிலிருந்து இரண்டு கண்ணும், போனிலிருந்து இரண்டு கண்ணும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டு முகத்துக்கும் மூக்குக்குக் கீழே ஒன்றும் இல்லை.

பேச வேண்டிய வாய் அவரிடம் மட்டும்தான் இருந்தது.